கேடயங்களின் ஓசைக்கு அப்பால்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நாவல், சிறுகதை, கவிதை என்று பேசிவரும் இத்தொடரில் இன்று ஒரு தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ‘வைக்கிங்ஸ்’ என்பது அதன் பெயர். கனடாவும் அயர்லாந்தும் கூட்டாகத் தயாரித்த இந்நாடகம் 2013ஆம் ஆண்டில் தொடங்கி 2020ஆம் ஆண்டின் இறுதிவரை ஆறு பருவங்களாக, 89 அங்கங்களாக வெளிவந்தது. எழுதியவர் மைக்கல் ஹேர்ஸ்ட். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியைப் பற்றிய திரைப்படத்துக்கும், ‘த டியூடர்ஸ்’ என்ற தொடருக்கும் எழுத்துவடிவம் தந்தவர் இவரே. வரலாற்றை நாடகமாக்குவதில் பழக்கப்பட்ட கை என்று சொல்லலாம்.

இத்தொடரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ‘இதெல்லாம் உண்மையில் நடந்ததா?’ நியாயமான கேள்வி. ஆனால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட முடியாது. தொடர் எவற்றை மாற்றியிருக்கிறது, அந்த மாற்றங்கள் எங்கிருந்து வந்தன, எதைச் சொல்லாமல் விட்டது என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் மாற்றங்களைப் பார்ப்போம்.

கதை 793ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ரக்னார் லோத்புரொக் என்ற விவசாயி, மேற்கே ஒரு நாடு உண்டு என்று கேள்விப்பட்டு, தலைவனின் தடையை மீறிக் கப்பலேறுகிறான். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் மடாலயத்தைக் கொள்ளையடிக்கிறான். அந்த ஆண்டு யூன் மாதத்தில் அம்மடாலயம் தாக்கப்பட்டது வரலாற்று உண்மை. ஆனால் மேற்குத் திசை அவர்களுக்குப் புதிதென்பது நாடகக் கற்பனை. ஆங்கிலோ-சக்சன் வரலாற்றுக் குறிப்பேடு, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வெசெக்ஸ் நாட்டுக் கரைக்கு மூன்று கப்பல்கள் வந்ததைச் சொல்கிறது. வந்தவர்களை வணிகர்கள் என்று எண்ணி எதிர்கொள்ளச் சென்ற அரச அதிகாரி கொல்லப்பட்டான். லிண்டிஸ்பார்ன் அழிவைக் கேட்டு நோதம்பிரிய மன்னனுக்குக் கடிதம் எழுதிய அல்குயின் என்ற அறிஞர், உங்கள் மக்கள் தலைமயிரையும் தாடியையும் அந்தப் புறச்சமயத்தவரைப் போலவே வைத்துக்கொள்கிறார்களே என்று கடிந்துகொள்கிறார். பார்த்துப் பழகாதவர்களின் தாடியை எவரும் பின்பற்றுவதில்லை.

காலக்கணக்கைப் பார்த்தால் குழப்பம் இன்னும் அதிகம். தொடரின் ஆரம்பத்திலேயே நோதம்பிரியாவை ஆளும் ஏல்லே மன்னன், வரலாற்றில் 860களில்தான் அரியணை ஏறுகிறான். 867இல் யோர்க் நகரில் கொல்லப்படுகிறான். வெசெக்ஸ் மன்னன் எக்பேர்ட் 839இல் இறந்துவிட்டான். தொடரிலோ 865இல் வந்த பெரும் படையை அவன் தன் கண்ணாலேயே காண்கிறான். பாரிஸ் நகரம் 845இலும் பின்னர் 885, 886ஆம் ஆண்டுகளிலும் தாக்கப்பட்டது. முதல் தடவை ஏழாயிரம் இறாத்தல் வெள்ளி கொடுத்துத்தான் பிராங்கிய மன்னன் அவர்களைத் திருப்பி அனுப்பினான். தொடர் இவ்விரு முற்றுகைகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. 911இல் பிராங்கிய மன்னனிடம் நிலம் பெற்று நோர்மண்டிக்கு அடித்தளமிட்ட ரோலோவை ரக்னாரின் உடன்பிறந்த சகோதரனாக்கிவிடுகிறது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் ஒரு மனிதனின் தலைமுறைக்குள் அடங்கிவிடுகின்றன.

உறவுமுறைகளும் இப்படித்தான். தொடரில் ஜூடித் என்பவள் ஏல்லேயின் மகள். மகா அல்பிரெட்டின் தாய். வரலாற்றில் ஜூடித் பிராங்கிய மன்னன் சார்ள்ஸின் மகள். 856இல் சிறுமியாக வெசெக்ஸ் மன்னனுக்கு மணமுடிக்கப்பட்டு அல்பிரெட்டுக்குச் சிற்றன்னையானவள்.

இடங்களிலும் வேடிக்கை உண்டு. ரக்னாரின் ஊருக்குக் கட்டெகாட் என்று பெயர். உண்மையில் கட்டெகாட் என்பது டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள கடல். உப்சாலாவின் பெருங்கோயிலை மலைகளுக்கு நடுவே காட்டுகிறார்கள். பழைய உப்சாலா பெரிய மண்மேடுகள் எழுந்து நிற்கும் சமவெளி.

இவற்றையெல்லாம் அடுக்கிக்கொண்டு தொடரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. ஏனெனில் நமது இரண்டாவது கேள்விக்கு வரும்போது ஓர் உண்மை தெரிகிறது. இந்த மாற்றங்களில் பலவற்றை ஹேர்ஸ்ட் தாமாக உண்டாக்கவில்லை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்களே உண்டாக்கி வைத்திருந்தார்கள்.

வைக்கிங் என்பது ஓர் இனத்தின் பெயரன்று. கடற்கொள்ளைக்குப் புறப்பட்டவனையே அச்சொல் குறித்தது. அப்படிப் புறப்பட்டவர்கள் கல்லில் சில வரிகள் பொறித்தார்களே தவிர, தங்கள் கதையை ஏட்டில் எழுதவில்லை. அக்காலத்தில் எழுதியவர்கள் அவர்களால் தாக்கப்பட்ட துறவிகள். வைக்கிங்குகளின் வழித்தோன்றல்கள் எழுதத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. டென்மார்க்கில் சக்சோ கிரமற்றிக்கஸ் தமது இலத்தீன் வரலாற்றை எழுதியது 1200ஆம் ஆண்டளவில். ஐஸ்லாந்தில் ‘சாகா’ எனப்படும் உரைநடைக் காவியங்கள் பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. லிண்டிஸ்பார்னுக்கும் அவற்றுக்கும் இடையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

ரக்னார் இந்த நூல்களில் வாழ்பவன். 845இல் பாரிஸைத் தாக்கிய படைத்தலைவனுக்கு ஏறத்தாழ இதே பெயர் இருந்தது. ஆனால் பாம்புக் குழியில் எறியப்பட்டு இறந்த வீரன், அவனுக்காகப் பழிவாங்கப் புறப்பட்ட புதல்வர்கள் என்ற முழுக்கதை சாகாக்காரர்கள் பல செய்திகளைக் கோத்துக் கட்டிய மாலை. வாளேந்திய மனைவி லகர்த்தா சக்சோவின் நூலில் மட்டுமே வருகிறாள். தொடரில் ரக்னார் இறந்தவன்போல் நடித்துச் சவப்பெட்டிக்குள் படுத்துப் பாரிஸுக்குள் நுழையும் காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அது முதலில் ஹாஸ்டெய்ன் என்ற வேறொரு தலைவனைப் பற்றி, இத்தாலியின் லூனா நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட பழங்கதை.

‘இரத்தக் கழுகு’ என்ற கொடூரமான தண்டனையைத் தொடர் இருமுறை காட்டுகிறது. முதுகைப் பிளந்து நுரையீரலை வெளியே எடுத்துச் சிறகுபோல் விரிப்பதாம். 1984ஆம் ஆண்டில் ரொபேர்ட்டா பிராங்க் என்ற ஆய்வாளர் இதுபற்றி எழுதிய கட்டுரை முக்கியமானது. 11ஆம் நூற்றாண்டுக் கவிதை ஒன்றில், ஏல்லேயின் முதுகைக் கழுகு கிழிக்கும்படி ஐவார் செய்தான் என்ற பொருளில் ஓர் அடி வருகிறது. கொன்று கழுகுக்கு இரையாக்கினான் என்பதே அதன் பொருளாக இருக்கலாம். பிற்காலத்தவர் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு ஒரு சடங்கையே உருவாக்கிவிட்டார்கள் என்பது அவரது வாதம். இதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆயினும் கவிதையைத் தவறாக வாசித்தால் வரலாறு எப்படிப் பிறக்கும் என்பதற்கு இலக்கிய மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டிய எடுத்துக்காட்டு இது.

ஆகவே சாகாக்காரர்கள் அன்று செய்ததையே ஹேர்ஸ்டும் இன்று செய்திருக்கிறார். காலங்களைச் சுருக்கினார், மனிதர்களை உறவாக்கினார், ஒருவனின் தந்திரத்தை மற்றொருவனுக்குக் கொடுத்தார். அந்த மரபில் வைத்துப் பார்த்தால் தொடர் பொய் என்பதைவிட, ஒரு புதிய சாகா என்பதே பொருந்தும்.

அதன் சிறப்புகளையும் சொல்லவேண்டும். கொம்பு வைத்த தலைக்கவசம் இங்கே இல்லை. அந்தக் கொம்புகள் 1876இல் ஜெர்மனியில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வரைந்த ஓவியர் வழியாகப் பரவியவை. வைக்கிங் காலத்துக்குரியவை அல்ல. உழுவதும் அறுப்பதும், மன்றில் கூடி வழக்குத் தீர்ப்பதும், குழந்தைகளைக் கொஞ்சுவதும் தொடரில் உண்டு. யோர்க் நகரில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் கிடைத்த சீப்புகளும் காலணிகளும் மரக் கோப்பைகளும் காட்டியதும் இப்படிப்பட்ட மனிதர்களைத்தான். பெண் போர்வீரர் என்பது வெறும் கற்பனையா என்ற விவாதமும் முடியவில்லை. சுவீடனின் பிர்கா என்னுமிடத்தில் 1878இல் தோண்டப்பட்ட, படைக்கலங்கள் நிறைந்த ஒரு கல்லறையில் கிடந்த எலும்புகள் ஒரு பெண்ணுடையவை என 2017இல் மரபணுச் சோதனை உறுதிசெய்தது. அவள் உண்மையிலேயே போரிட்டவளா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

நேயர்களே, இனி மூன்றாவது கேள்வி. தொடர் எதைச் சொல்லாமல் விட்டது?

இவர்கள் ஏன் கப்பலேறினார்கள்? தொடர் தரும் விடை ரக்னாரின் கண்களில் இருக்கிறது. அறியாத உலகைக் காணும் ஆவல். பிறகு, தன் மக்களுக்கு நல்ல நிலம் தேடும் கனவு. நடிகர் ட்ராவிஸ் பிமெல் அந்த ஆவலை அழகாகவே காட்டுகிறார். கொள்ளையிட்ட பொருளாக நாம் காண்பது பெரும்பாலும் பொன் சிலுவைகளும் வெள்ளிக் கிண்ணங்களும்.

அயர்லாந்தின் அல்ஸ்ரர் வரலாற்றுக் குறிப்பேட்டைத் திறந்தால் வேறொரு சரக்குத் தெரிகிறது. 821ஆம் ஆண்டுக் குறிப்பில், டப்ளினுக்கு அருகிலுள்ள ஹௌத் பகுதி கொள்ளையிடப்பட்டதாகவும் பெருந்தொகையான பெண்கள் சிறைபிடித்துச் செல்லப்பட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். 871ஆம் ஆண்டில் ஓலாவ், ஐவார் என்ற தலைவர்கள் இருநூறு கப்பல்களுடன் ஸ்கொட்லாந்திலிருந்து டப்ளினுக்குத் திரும்புகிறார்கள். கப்பல்களில் ஆங்கிலேயரும் பிரித்தோனியரும் பிக்தியரும் கைதிகளாக. டப்ளின் பின்னர் பெரும் அடிமைச் சந்தையாக வளர்ந்தது. கிழக்கே ஆற்று வழிகளில் அடிமைகளும் மென்மயிர்த் தோலும் போயின. அரபு வெள்ளி நாணயங்கள் வந்தன. 1999இல் சுவீடனின் கொட்லாந்துத் தீவில் ஒரு வயலில் கிடைத்த வெள்ளிப் புதையல் 67 கிலோ எடை. அதில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலும் அரபு நாணயங்கள். அந்த வெள்ளியில் எத்தனை பங்கு மனிதரை விற்ற காசு?

தொடரில் அடிமைகள் இல்லாமலில்லை. முதற் பருவத்தின் ஆறாம் அங்கத்தில் ஏர்ல் ஹரால்ட்சனின் மரணச் சடங்கு வருகிறது. எசமானோடு சாகச் சம்மதித்த ஓர் அடிமைப் பெண் பலியாகிறாள். துறவி அதெல்ஸ்டன் கலக்கத்தோடு பார்த்து நிற்கிறான். இக்காட்சியின் மூலம் வேறு காலத்தையும் வேறு இடத்தையும் சேர்ந்தது. பாக்தாத்தின் அப்பாஸிய கலீபா அனுப்பிய தூதுக்குழுவில் சென்ற இப்னு பழ்லான், 922ஆம் ஆண்டில் வொல்கா நதிக்கரையில் ஸ்கண்டிநேவிய வழிவந்த ரூஸ் வணிகரைக் கண்டார். அவர்களின் தலைவன் ஒருவனுடைய ஈமச்சடங்கை நேரில் பார்த்து எழுதினார்.

அவர் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைவன் இறந்ததும், யார் அவனோடு இறக்கிறீர்கள் என்று அடிமைகளைக் கேட்டார்கள். ஒருத்தி, நான் என்றாள். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற வழியில்லை. குறித்த நாளில் அவளுக்கு மதுக் கிண்ணம் கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தோழியரிடம் விடைபெற்றுப் பாடினாள். இரண்டாவது கிண்ணம் வந்ததும் பாட்டை நீட்டிக்கொண்டே போனாள். சடங்கை நடத்திய கிழவி அவசரப்படுத்தினாள். கூடாரத்துக்குள் போகவேண்டிய நேரத்தில் அந்தப் பெண் தயங்கித் தடுமாறினாள் என்று இப்னு பழ்லான் எழுதுகிறார். கிழவி தலையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அங்கே நடந்த கொடுமைகளை வானொலியில் விவரிப்பது முறையன்று. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெளியே நின்ற ஆண்கள் தடிகளால் கேடயங்களை அடித்து ஓசை எழுப்பினார்கள். அவளுடைய அலறல் மற்றப் பெண்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக. கேட்டால், நாளை எவரும் சாகச் சம்மதிக்கமாட்டார்கள் அல்லவா?

அவள் பாடிய பாட்டின் சொற்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் பெயரும் கிடைக்கவில்லை. தொடரின் போர்க் காட்சிகளில் கேடயங்கள் மோதும் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேடயங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன.

அதெல்ஸ்டனைப் பற்றியும் ஒரு சொல். லிண்டிஸ்பார்னில் சிறைபிடிக்கப்பட்ட இந்த இளந் துறவி, ரக்னாரின் அடிமையாகி, பின் நண்பனாகி, இரு கடவுளருக்கு நடுவே தத்தளிக்கிறான். தொடரின் மிக நுட்பமான பாத்திரம் இவன் என்பேன். ஆனால் இவன் கற்பனை. அடிமைத்தனம் இவன் வழியாக நமக்கு ஒரு நட்பின் கதையாக வந்துசேர்கிறது.

வரலாற்றில் உண்மையாக வாழ்ந்த ஒரு கைதியின் கதை இருக்கிறது. அது நேர்மாறானது. அயர்லாந்தின் லெய்ன்ஸ்ரர் பகுதியைச் சேர்ந்த பின்டன் துறவியாக இருந்து கைதியானவரல்லர். கைதியாக இருந்து துறவியானவர். 9ஆம் நூற்றாண்டில் அவரோடு மடத்தில் வாழ்ந்த ஒருவர் அவரது வாழ்க்கையை எழுதி வைத்தார். அதன்படி, முதலில் பின்டனின் சகோதரியை வடவர் பிற பெண்களோடு பிடித்துச் சென்றார்கள். மீட்புப் பணத்தோடு தந்தை மகனை அனுப்பினார். போனவனையும் விலங்கிட்டார்கள். பணத்தோடு வருபவனைப் பிடித்தால் நாளை எவனும் பணம் கொண்டு வரமாட்டான் என்று தமக்குள் ஆலோசித்து விடுவித்தார்கள். பின்னர் ஊர்ப்பகை காரணமாக அவர் மீண்டும் அவர்களிடம் அகப்பட்டார். ஒருவன் இன்னொருவனுக்கு விற்க, அவன் மூன்றாமவனுக்கு விற்க, நாலாவது எசமானன் அவரைக் கப்பலேற்றினான். வழியில் ஓர்க்னித் தீவுகளில் கப்பல் தங்கியபோது பின்டன் கடலோரப் பாறைக்கடியில் ஒளிந்துகொண்டார். கடல் ஏறி வந்தது. மேலே தேடுபவர்களின் குரல் கேட்டது. அவர் அசையவில்லை. பிறகு நீந்தித் தப்பி, அயர்லாந்தில் கல்வி கற்ற ஓர் ஆயரிடம் அடைக்கலம் புகுந்தார். இன்றைய சுவிற்சர்லாந்தில் ரைன் நதித் தீவிலுள்ள ரைனவ் மடத்தில், இருபத்திரண்டு ஆண்டுகள் தனியறையில் அடைந்து தவமிருந்து மறைந்தார்.

இந்தக் கதையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் மனம் நின்றுவிடுகிறது. சகோதரி என்ன ஆனாள்? அவளை மீட்கத்தான் தந்தை பணம் கொடுத்தார்; அவளால்தான் கதையே தொடங்கியது. நூலோ அவளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பின்டனோடு போய்விடுகிறது. அவளுக்குப் பெயரும் இல்லை. ஆகவே மறந்த குற்றம் தொலைக்காட்சிக்கு மட்டும் உரியதன்று. துறவியரின் ஏடுகளும் அவர்களை ‘பெருந்தொகையான பெண்கள்’ என்று எண்ணிக்கையாகவே எழுதிவிட்டுப் போயின.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு நம் காலத்தில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மரபணு ஆய்வுகளின்படி, ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய ஆண்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்கண்டிநேவியர். பெண்களிலோ பாதிக்கு மேற்பட்டோர் அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். எல்லோரும் அடிமைகளாக வந்தார்கள் என்று கூறமுடியாது. மனைவியராக வந்தோரும் இருப்பர். ஆனாலும் ஏடுகளில் இடம்பெறாத பெண்கள் ஒரு நாட்டு மக்களின் இரத்தத்தில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

இலக்கியத்திலும் ஓரிடத்தில் இடம்பெற்றார்கள் என்பதைச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க முடியாது. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘லக்ஸ்டேலா சாகா’வில் ஹொஸ்குல்ட் என்ற ஐஸ்லாந்துக்காரன் ஒரு வணிகனின் கூடாரத்தில் அடிமைப் பெண் ஒருத்தியை வாங்குகிறான். மற்றப் பெண்களுக்கு விலை ஒரு மார்க் வெள்ளி. இவளுக்கு மூன்று மார்க். அவள் ஊமை என்று வணிகன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். அவள் பேசுவதே இல்லை. ஒரு மகன் பிறக்கிறான். அவனுக்கு இரண்டு வயதானபோது, ஒருநாள் காலை ஹொஸ்குல்ட் வெளியே போகையில் ஓடைக்கரையில் பேச்சுக் குரல் கேட்கிறது. அருகே போய்ப் பார்த்தால், தாயும் மகனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஊமையல்லள். பிடித்தவனோடும் விற்றவனோடும் வாங்கியவனோடும் பேச மறுத்தவள், மகனோடு மட்டும் தன் மொழியில் பேசினாள். அதன் பின்னரே தன் பெயர் மெல்கோர்கா என்றும், தான் அயர்லாந்து மன்னன் ஒருவனின் மகள் என்றும் சொல்கிறாள்.

மெல்கோர்கா உண்மையில் வாழ்ந்தாளா என்று நிறுவ இயலாது. அவளை அரசகுமாரியாக்கியது கதைசொல்லியின் பெருமையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர் தெரியாத கதைசொல்லி ஒரு காரியம் செய்தார். அடிமையின் மௌனத்தை, அவளே தெரிந்தெடுத்த மௌனமாகக் கண்டார். ஏடு எழுதிய துறவிகளும், 89 அங்கங்களுக்கு இடம் கிடைத்த தொடரும் செய்யாத காரியம் இது.

தொடரைப் பாருங்கள் என்றே நான் சொல்வேன். கப்பல்கள் அழகாக இருக்கின்றன. கடல் அழகாக இருக்கிறது. ஆண்டுகளும் உறவுமுறைகளும் பிழைத்துப்போனதற்காக நாடகாசிரியரை மன்னித்துவிடலாம். சாகாக்காரர்களும் அப்படித்தான் பிழைவிட்டார்கள். அவர்களுடைய பாம்புக் குழியையும் இரத்தக் கழுகையும் தொடர் எடுத்துக்கொண்டது. ஓடைக்கரையில் தாயும் மகனும் பேசிக்கொண்ட அந்தக் காலைப் பொழுதையும் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் எனது குறை.